பயணத் தாளில் அடிக்கப்படாத பெயர்

1

நேற்று கல்லறைத் திருநாள். சிங்கப்பூர் போன இந்த இருபத்தோரு வருடங்களில் இந்த நாளுக்கென்று நான் தூத்துக்குடி வந்தது இதுதான் முதல் தடவை. வந்த காரணம் என் கைப்பையில் இருந்தது. எலுமிச்சம்பழம் அளவில் ஒரு சல்லிக்கல். தாய்லாந்தில், போர்க்காலத்தில் போட்ட ஒரு ரயில் பாதையின் ஓரத்தில் பொறுக்கியது.

சென்னை விமான நிலையத்தில் பையைச் சோதித்தவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"கல்லு."

"அது தெரியுது. எதுக்கு?"

என்ன சொல்வது என்று தெரியவில்லை. "நேர்ச்சை" என்றேன். உடனே கொடுத்துவிட்டார். நம் நாட்டில் அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இதை என் அக்கா செலின் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிருந்து பழைய துறைமுகம் தெரிகிறது. மாலத்தீவுக்குப் போகும் தோணியில் வெங்காய மூட்டை ஏற்றுகிறார்கள். சிங்கப்பூரில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் பாதுகாப்பு அதிகாரி வேலை எனக்கு. எங்கே யார் விழுவார்கள், எந்தக் கயிறு அறும் என்று நாள் முழுக்க யோசிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். தலைக்கவசம் போடாமல் பலகையில் நடக்கும் இந்தத் தோணிக்காரர்களைப் பார்த்தால் கூப்பிட்டு நிறுத்தத் தோன்றுகிறது. அக்காவிடம் சொன்னேன். "ஏல, நீ பொறக்குறதுக்கு முன்னாலேர்ந்து அவங்க அப்படித்தான் நடக்காங்க. நீதான் சிமென்ட் தரையில விழுந்து பல்ல ஒடச்சவன்" என்றாள். அவள் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. எதையும் மறக்க மாட்டாள்.

2

எங்கள் வீட்டில் ஒரு தாள் உண்டு. 'பயணத் தாள்' என்போம். மாதா சுரூபத்தின் அடியில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இல்லாமல், மடித்து வைத்திருக்கும். குடும்பத்தில் யார் கடல் தாண்டிப் போனாலும் அதில் பெயர் எழுத வேண்டும். போகிறவன் எழுதக் கூடாது. அனுப்பி வைக்கிறவன் எழுத வேண்டும். திரும்பி வந்ததும், எழுதிய அதே ஆள் தன் கையால் அந்தப் பெயரைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்த பெயர் என்றால் வந்து சேர்ந்தவர். அடிக்காத பெயர்களைச் சனிக்கிழமை மாலைச் செபமாலை முடிவில் ஒவ்வொன்றாக வாசிப்போம். தாள் நைந்துபோனால் பின்னால் இன்னொரு தாள் ஒட்டுவோமே தவிர, புதிதாகப் பெயர்த்து எழுத மாட்டோம். எழுதிய கை மாறிவிடும் அல்லவா.

கொழும்புத் தோணிக்குப் போனவர்கள், கப்பலில் போனவர்கள், வளைகுடாவுக்குப் போனவர்கள் என்று அதில் ஏறக்குறைய எல்லாப் பெயரும் அடித்திருக்கும். பழைய பெயர்களில், மேலே இரண்டாவதாக இருக்கும் ஒன்று மட்டும் அடிக்காமலே நின்றது. மிக்கேல். என் தாத்தாவின் தம்பி. எழுதியது தாத்தா. கடைசி எழுத்தில் தாள் கிழிந்திருக்கும். சின்ன வயதில் அதைப் பேனா முள்ளின் கோளாறு என்று நினைத்தேன்.

மிக்கேல் சங்கு குளித்தவர். முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நின்றுபோயிருந்த வருடங்கள் அவை, சங்குதான் இருந்தது. குளியாளி கடலுக்குள் இறங்கினால் மேலே ஒருவர் கயிறு பிடித்து நிற்பார். கீழே போனவன் கயிற்றை அசைத்ததும் இழுக்க வேண்டும். ஆள் மேலே வரும்வரை உட்காரக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது, பேசக் கூடாது. அந்தக் கயிற்றை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துவிட மாட்டார்கள். மிக்கேலுக்குக் கயிறு பிடித்தவர் என் தாத்தா.

ஒரு நாள் ஆழத்தில் மிக்கேலுக்குக் காது கிழிந்தது. அதோடு குளிப்பு முடிந்தது. பதினேழு வயது. மலாயாவுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்டிடம் தாத்தா அழைத்துப் போனார். வயது இருபத்தொன்று என்று எழுதிய காகிதத்தில் தாத்தாவே கையெழுத்துப் போட்டார். மிக்கேல் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். மூன்று நான்கு கடிதம் வந்தது. பிறகு போர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபின் ஒன்றும் வரவில்லை.

போர் முடிந்து, கீழவைப்பார்க்காரர் ஒருவர் பினாங்கிலிருந்து திரும்பி வந்தார். எங்கள் வீடு தேடி வந்து, சயாமில் ரயில் பாதை போடத் தமிழ் ஆட்களைச் சரக்கு ரயிலில் அடைத்து அனுப்பியதையும், அதில் மிக்கேல் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததையும் சொன்னார். போனவர்களில் பாதிப்பேர் வாந்திபேதியில் போய்விட்டதாகக் கேள்வி என்றார்.

"ஏறுனதத்தான பாத்தீரு? செத்தத பாத்தீரா?" என்று தாத்தா கேட்டாராம்.

வந்தவர் இல்லை என்றாராம். அதோடு பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு மிக்கேலுக்குப் பூசை வைக்கவும் தாத்தா விடவில்லை, கல்லறையில் பெயர் வெட்டவும் விடவில்லை. சனிக்கிழமைதோறும் 'பயணம் போன மிக்கேல்' என்று வாசித்தார். அவருக்குப் பின் என் அப்பா வாசித்தார். இப்போது அக்கா. உயிரோடு இருந்தால் மிக்கேலுக்கு நூறு வயது தாண்டியிருக்கும்.

தாத்தாவுக்குத் தம்பி மேல் அவ்வளவு பாசம் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது. செத்தான் என்று எழுதினால், அனுப்பியது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான் ஒரு மனிதனை இத்தனை வருடம் பயணத்திலேயே வைத்திருந்தோம்.

3

என் மகன் கெவினுக்கு மூன்று வயதாகும்போது சிங்கப்பூரில் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்தேன். வளர்ந்ததும் ஆண் பிள்ளைகள் இரண்டு வருடம் தேசிய சேவை என்ற கட்டாயப் பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். யாரும் எதையும் மறைக்கவில்லை. பள்ளிக்கூடம், வீடு, விசா தொல்லை இல்லாத வாழ்க்கை, எல்லாம் அந்த ஒரு கையெழுத்துக்குப் பின்னால் இருந்தன. கெவின் என் மடியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். பதினெட்டு வயது என்பது வேறு யாருடைய வயதோ என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

சென்ற ஏப்ரலில் அவனுக்கு மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வந்தது. அன்றிலிருந்து எனக்கு உறக்கம் சரியில்லை. நான் பார்க்கும் வேலையும் ஒரு காரணம். சராசரி என்ற சொல்லை நான் நம்புவதில்லை. விழுந்த ஒருவனைத்தான் பார்ப்பேன். நிரந்தரவாசத்தை விட்டுவிட்டு, அவனைத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்க்கலாம் என்று திட்டம் போட்டேன். விட்டால் பிறகு அவன் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை பார்க்கவோ கதவு திறப்பது கடினம். தெரிந்துதான் திட்டம் போட்டேன்.

அவன் கேட்கவில்லை. "நோ பாயின்ட் லா, அப்பா. என் பிரெண்ட்ஸ் எல்லாரும் போறாங்க" என்றான். அவனுக்குத் தூத்துக்குடி என்றால் வெயில், மக்ரூன், அத்தை. பள்ளியில் தமிழ் படித்தவன், அத்தையிடம் தொலைபேசியில் "தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்பான். "ஏல, ஒம் மவன் ரேடியோ நியூஸ் வாசிக்கான்" என்று அக்கா சிரிப்பாள். அவன் இந்தியக் கல்லூரி விடுதியில் ஒரு வாரம் தாங்க மாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் உயிரோடு இருப்பான் என்று கணக்குப் போட்டேன்.

என் மனைவி ஆக்னஸ், "அவனைப் பயமுறுத்திப் பார்க்காதீங்க. பயம் ஒங்களுக்குத்தான், அவனுக்கில்ல" என்றாள். நான் கேட்கவில்லை. செப்டம்பர் விடுமுறையில் அப்பாவும் மகனுமாகத் தாய்லாந்து போனோம். அவனிடம் சொன்ன காரணம், மிக்கேல் தாத்தா போன இடத்தைப் பார்ப்பது. சொல்லாத காரணம், போர் என்றால் என்ன என்று அவன் கண்ணால் பார்த்து மிரள வேண்டும் என்பது. அக்காவிடம் சொன்னபோது, "அங்கன இருந்து ஒரு கல்லு கொண்டு வா. ஆள் வரலன்னா கல்லாவது வரட்டும். இந்தப் பேர அடிச்சிட்டு நான் சாகணும்" என்றாள்.

4

காஞ்சனபுரியில் அந்த ரயில் பாதையின் ஆற்றுப் பாலத்தின் மேல் கூட்டம். அரைக்கால் சட்டை போட்டவர்கள் தண்டவாளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாலம் படம் போட்ட பனியன் விற்றார்கள். ஒரு பெண் இளநீரைச் சீவிக் கையில் கொடுத்துவிட்டு, எங்களைப் பார்த்து "இந்தியா? வெரி ஸ்ட்ராங் பிரிட்ஜ்" என்றாள்.

ஜப்பான்காரனிடம் கைதியாகி இதே பாதையில் செத்த போர்வீரர்களின் கல்லறை ஊருக்குள் இருக்கிறது. வெட்டி விட்ட புல்தரை. வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னச் செடி. பெயர், எண், படைப்பிரிவு, வயது. சிலவற்றில் அம்மாவோ மனைவியோ எழுதச் சொன்ன ஒரு வரி. கெவின் இயர்போனைக் கழற்றிவிட்டு நடந்தான். வயதுகளை மட்டும் வாய்விட்டு வாசித்தான். "நைன்டீன். ட்வென்டி டூ. நைன்டீன். ட்வென்டி." திட்டம் வேலை செய்கிறது என்று நான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

"மிக்கேல் தாத்தா எந்த வரிசை?" என்று கேட்டான்.

"இங்க இருக்க மாட்டாரு. இது சிப்பாய்களுக்கு."

"அப்போ கூலிங்க?"

பக்கத்தில் ஒரு புத்தர் கோயில் வளாகத்தைக் காட்டினார்கள். அங்கே ஒரு தூபி. கண்டெடுத்த கூலிகளின் எலும்புகளை ஒன்றாகச் சேர்த்து அதன் அடியில் புதைத்திருப்பதாகச் சொன்னார்கள். தமிழன், மலாய்க்காரன், பர்மாக்காரன், ஜாவாக்காரன், யார் யார் என்று இல்லை. பெயர் ஒன்றுகூட இல்லை. தூபியின் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. ஊதுபத்தி ஏற்றினேன். மெழுகுதிரி கொண்டு போயிருந்தேன், காற்றில் நிற்கவில்லை.

மறுநாள் மலையைப் பிளந்து பாதை போட்ட இடத்துக்குப் போனோம். இருபுறமும் பாறைச் சுவர். உளி இறங்கிய தடம் இன்னும் இருக்கிறது. ஒரு துளையில் உடைந்த துளைக்கம்பி அப்படியே மாட்டி நிற்கிறது. கையால் சம்மட்டி அடித்து வெட்டியது. மூங்கில் காட்டுக்குள் காற்று வந்தால் ஆட்கள் பேசுவதுபோல் கேட்கிறது. எனக்கு வேர்த்து ஊற்றியது. எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் நடக்காத வேலைத்தளம். காது கிழிந்த ஒரு சங்குக்குளியாளி, கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், இந்த மலைக்குள் என்ன செய்துகொண்டிருந்தான்? அதட்டுவது காதில் விழாததற்கே எத்தனை அடி வாங்கியிருப்பான்?

பாதையோரம் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். கெவின் அதை வாங்கிப் பார்த்தான்.

"அப்பா, இது புதுக் கல்லு. வாக்கிங் டிராக்குக்கு லாரில கொண்டுவந்து போட்டது. லுக், எல்லாம் ஒரே சைஸ்."

உண்மைதான். என் கண்ணுக்கே அது தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் பையில் போட்டுக்கொண்டேன். பாறையை உடைத்து எடுக்க எனக்கு மனமில்லை. வெறுங்கையோடு போகவும் மனமில்லை. இந்த விஷயத்தை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படிப்பாள். படிக்கட்டும்.

திரும்பும் வண்டியில்தான் நான் வாயைத் திறந்தேன். "பாத்தியா? இதுதான் பட்டாளம், போர் எல்லாம். பத்தொன்பது வயசுல மண்ணுக்குள்ள. இன்னும் டைம் இருக்கு. வேண்டாம்னு எழுதிக் கொடுத்துரலாம்."

அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். மரவள்ளித் தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. கோபமே இல்லாமல் சொன்னான்:

"அப்பா, அந்த சோல்ஜர்ஸுக்கு ஒவ்வொருத்தனுக்கும் கல்லு இருக்கு. பேர் இருக்கு. ஏன்னா அவன் ஒரு லிஸ்ட்ல இருந்தான். நம்ம தாத்தா யாரோட லிஸ்ட்லயும் இல்ல. எனக்காவது ஒரு நம்பர் இருக்கும்ப்பா."

என் மகன் எனக்கு ஆறுதல் சொன்னான். அவன் செத்தால் பெயர் எழுதுவார்கள் என்று. அவன் மிரளத்தான் அழைத்துப் போனேன். போனவன் தெளிந்து வந்தான். நான்தான் இன்னும் தெளியவில்லை.

ஜனவரியில் போய்ச் சேர அவனுக்குத் தேதி வந்துவிட்டது.

5

கல்லறையில் பெயர் வெட்டப் பங்குக் கோயில் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். முந்தாநாள் அக்காவும் நானும் போனோம். உபதேசியார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார்.

"பேரு?"

"மிக்கேல் பர்னாந்து."

"இறந்த தேதி?"

"தெரியாது."

"வருசமாவது?"

"சரியாத் தெரியாது. போர் நடந்தப்போ."

"எந்த எடம்?"

"சயாம்."

"சயாம்னு இப்ப நாடு கெடையாதே தம்பி."

"தாய்லாந்து."

"அடக்கச் சான்று, ஆஸ்பத்திரிச் சான்று, பாத்த சாட்சி, ஏதாவது?"

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "சாட்சிக்காரரும் செத்தாச்சு, அண்ணாச்சி. அவருக்கு இங்கன கல்லற இருக்கு. போய்க் கேட்டுட்டு வாரும்."

"கோவப்படாதீங்க டீச்சர். தேதியும் இல்ல, சாட்சியும் இல்லன்னா பதிவுல அவரு உயிரோட இருக்காருன்னுதான அர்த்தம்?"

"இருந்தா கூட்டிட்டு வாரேன். ஒமக்கு நன்கொட தருவாரு."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேனாவால் மேசையைத் தட்டினார். பிறகு, "ஒரு வழி இருக்கு. ஒடம்பு கெடைக்காதவங்களுக்குன்னு ஒரு பக்கம் உண்டு. அதுல தேதி, சாட்சி கேக்க மாட்டோம். குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும். ஆனா அந்தப் பக்கத்துல எடம்னா ஒண்ணுதான். கடல். அச்சுலயே இருக்கு. பரவால்லியா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தாள். பரவாயில்லை என்றோம். வேறென்ன சொல்வது? எங்கள் கரையில் உடல் கிடைக்காத ஆள் போகக்கூடிய இடம் ஒன்றுதான். தண்டவாளத்துக்கும் மலைக்கும் காலராவுக்கும் எங்கள் பதிவேட்டில் கட்டம் இல்லை. காது கிழிந்து கடலை விட்டு அனுப்பப்பட்டவர் கடலில் இறந்தவராகப் பதிவானார். கையெழுத்து நான் போட்டேன்.

நேற்று மாலை கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுதிரி. குடும்பக் கல்லறையின் தலைமாட்டில் கொத்தனார் ஒரு சின்னக் குழி எடுத்திருந்தார். கல்லை அக்காதான் வைத்தாள். வைப்பதற்குமுன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "வந்து சேந்துட்டீரு தாத்தா" என்றாள். ஏதோ ஒரு தாய்லாந்துக் குவாரியின் கல். சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்துக்கொண்டு அடுத்த கல்லறைக்குப் போனார்.

6

வீட்டுக்கு வந்ததும் அக்கா பயணத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

"எழுதுன கை போயாச்சு. அவரு பேரன் நீ. அடி" என்றாள்.

மிக்கேல் என்ற பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன். கிழிசல் மேல் பேனா தட்டித் தட்டிப் போனது. அக்கா மூக்கை உறிஞ்சினாள். பிறகு தாளின் கீழ்ப்பகுதியை என் பக்கம் நகர்த்தினாள். அடியில் அடிக்காமல் இன்னொரு பெயர் இருக்கிறது. என்னுடையது. அப்பாவின் கையெழுத்து. நிரந்தரமாகத் திரும்பி வந்தால்தான் அடிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஐந்து வருடம் முன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அவன் பேர எழுது" என்றாள்.

"யாரு பேர?"

"கெவின் பேர. ஜனவரியில போறாம்லா?"

"அவன் அங்கயே பொறந்தவன் அக்கா. அவன் ஊரு அது. பயணம் எங்க போறான்?"

"பட்டாளம் என்ன சித்தி வீடா? எழுது."

"அனுப்புறவன்தான் எழுதணும். அவன நான் அனுப்பல. நான் தடுத்துத்தான் பாத்தேன். அவனாத்தான் போறான்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்டவனைப் பார்க்கும் பார்வை.

"தாத்தாவும் சாகுறவரைக்கும் அதத்தாம்ல சொன்னாரு. மிக்கேல் அவனாத்தான் போனான், நான் அனுப்பலன்னு. ஏஜென்டு காயிதத்துல கையெழுத்துப் போட்டது யாரு?"

பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்த மூன்று வயதுப் பிள்ளை கண்ணுக்குள் நின்றான்.

பேனாவை எடுத்தேன். என் பெயருக்குக் கீழே எழுதினேன். மூன்றே எழுத்து. பால்பாயின்ட் பேனா, முள் எதுவும் கிடையாது. ஆனாலும் கடைசி எழுத்தில் தாள் கிழிந்தது.